ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள்: ஒன்றுக்கு மட்டும் மேல்முறையீடு உண்டு என்பது ஏன்?

கேள்வி: எல்லைத்தோப்பு (கொழிஞ்சாம்பாறைப் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் தென்னையும் காய்கறியும் வைத்திருக்கும் விவசாயி. எங்கள் தாத்தாவின் நிலம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிந்தபோது கிணற்றைப் பொதுவில் வைத்தார்கள். அது பெரியப்பா பங்குக்குள் கிடப்பதால், அங்கிருந்து எங்கள் தோப்புக்குக் குழாய் கொண்டுபோகவும் வண்டி போய்வரவும் அவர்களுடைய மேற்கு வரப்பை ஒட்டி வழி உண்டு என்று பாகப்பிரிவினை ஆதாரத்திலேயே (பத்திரத்திலேயே) எழுதப்பட்டுள்ளது. பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து உடைந்துவிட்டதால், புதிய பி.வி.சி. குழாய் பதிக்க வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன். பாதி வெட்டியிருக்கையில் பெரியப்பாவின் மகன், எனக்கு அந்த வழியில் எந்த உரிமையும் இல்லை என்று முன்சிஃப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, முதலில் ஒருதரப்பாகவே இடைக்காலத் தடை வாங்கினார்.

நான் ஆஜராகி ஆட்சேபனை தாக்கல் செய்தேன். அதோடு, வரப்புக்கடியில் பழைய குழாயின் துண்டுகள் இன்னும் இருப்பதையும் வெட்டிய வாய்க்காலின் போக்கையும் சர்வேயர் துணையோடு பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க வேண்டும் என்று தனியாக ஒரு மனுவும் கொடுத்தேன். இரண்டு மனுக்களையும் சேர்த்து விசாரித்து, ஒரே நாளில் உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை தடை நீடிக்கும் என்பது ஒன்று. ஆணையர் தேவையா என்பதைச் சாட்சி விசாரணையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கூறி என் மனுவைத் தள்ளியது மற்றொன்று.

முதல் உத்தரவை எதிர்த்து சி.எம்.ஏ. (இடைக்கால உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு) போடலாம், இரண்டாவதற்கு மேல்முறையீடே கிடையாது என்கிறார் என் வக்கீல். எனக்கு இரண்டும் ஒரே அளவு பாதிப்புத்தான். சொல்லப்போனால் இரண்டாவதுதான் கூடுதல் கவலை, ஏனென்றால் அந்தக் குழாய்த் துண்டுகளை யாராவது தோண்டி எடுத்துவிட்டால் பிறகு எதைக் காட்டுவேன்? பொள்ளாச்சியில் இருக்கும் மாமா நேராக எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்துக்குப் போ என்கிறார். அண்ணன், தீர்ப்பு வரும்வரை பொறுத்துவிட்டு மொத்தமாக அப்பீல் போடலாம் என்கிறார். இப்போது எதிர்க்காமல் விட்டால், அந்த உத்தரவை நான் ஒப்புக்கொண்டதாகிவிடுமா? அப்பீல் போட்டவுடன் தடை நின்றுவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

வணக்கம். உங்கள் வக்கீல் சரியாகவே சொல்லியிருக்கிறார். காரணத்தை மட்டும் நான் விளக்க முயல்கிறேன்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், வழக்கின் முடிவான தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீடு பொது உரிமையாகத் தரப்பட்டுள்ளது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பிறப்பிக்கப்படும் உத்தரவுகளுக்கு அப்படிப் பொது உரிமை கிடையாது. எந்தெந்த உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு என்று 104-ஆம் பிரிவும் 43-ஆம் கட்டளையின் (கட்டளை என்பது அச்சட்டத்திலுள்ள விதிகளின் தொகுப்பு) 1-ஆம் விதியும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு இல்லை. 39-ஆம் கட்டளையின் 1, 2, 2ஏ, 4, 10 ஆகிய விதிகளின்கீழ் வரும் உத்தரவுகள் அதில் இருக்கின்றன. இடைக்காலத் தடை தருவதும் மறுப்பதும் இவற்றில் அடங்கும். ரிசீவர் (வழக்குச் சொத்தைப் பொறுப்பில் எடுத்து நிர்வகிப்பவர்) நியமனம் இருக்கிறது. ஒருதரப்புத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்ட மனுவைத் தள்ளியதும் இருக்கிறது. ஆணையரை நியமிப்பது, பிராதை (வாதியின் வழக்குரையை) திருத்துவது, புதிய கட்சிக்காரரைச் சேர்ப்பது, ஆவணத்தைக் காலம் கடந்து ஏற்பது போன்றவை அதில் இல்லை. நாள்தோறும் நீதிமன்றத்தில் நடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு என்றால், வசதியுள்ள கட்சிக்காரர் ஒரு வழக்கைத் தலைமுறை கடந்தும் இழுத்துக்கொண்டே போகலாம். தடையுத்தரவும் ரிசீவரும் பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணம், அவை தீர்ப்புக்கு முன்பே ஒருவருடைய நிலத்தின்மீதும் வருமானத்தின்மீதும் கை வைப்பவை என்பதே. உங்கள் தோப்புக்குத் தண்ணீர் நின்றிருப்பது இன்று நடக்கிறது. ஆணையர் மறுக்கப்பட்டது, சட்டத்தின் பார்வையில், சாட்சியத்தை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்வி.

அடுத்து, மேல்முறையீடு இல்லையென்றால் சீராய்வு மனு போடலாமே என்று தோன்றும். 115-ஆம் பிரிவு 1999-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டு, அந்த மாற்றம் 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கீழ் நீதிமன்றம் அந்த உத்தரவை மனுதாரருக்குச் சாதகமாகப் பிறப்பித்திருந்தால் வழக்கே முடிந்துபோயிருக்குமா என்று பார்க்க வேண்டும். முடிந்திருக்கும் என்றால்தான் உயர் நீதிமன்றம் சீராய்வில் தலையிடலாம். உங்கள் ஆணையர் மனு அனுமதிக்கப்பட்டிருந்தாலும் வழக்கு தொடர்ந்து நடந்திருக்கும். ஆகவே சீராய்வு இல்லை. பிராதை நிராகரிக்கக் கோரிப் பிரதிவாதி போட்ட மனு தள்ளப்பட்டால் நிலை வேறு. அது அனுமதிக்கப்பட்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும் என்பதால், அங்கே சீராய்வு உண்டு.

ஒப்புக்கொண்டதாகிவிடுமா என்ற உங்கள் பயத்துக்கு 105-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. இடையில் வந்த ஓர் உத்தரவில் இருந்த பிழை வழக்கின் முடிவைப் பாதித்திருந்தால், இறுதித் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் அதை ஓர் ஆட்சேபனைக் காரணமாக எழுதலாம். ஆணையர் மறுக்கப்பட்டதால் பழைய குழாய் இருந்ததை நிரூபிக்க முடியாமல் போனது என்று அப்போது வாதிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. இடைக்கால உத்தரவை உடனே எதிர்க்காதவர் அதைப் பிறகு இறுதி மேல்முறையீட்டில் கேள்வி கேட்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே கூறியிருக்கிறது. மேல்முறையீட்டு மனுவில் அந்தக் காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தடையுத்தரவைப் பொறுத்தவரை, அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த உத்தரவு வழக்கோடு பிறந்து வழக்கோடு முடிவது. தீர்ப்பு வந்தபின் அதை எதிர்ப்பதால் இடைப்பட்ட ஆண்டுகளில் காய்ந்த தென்னை துளிர்க்காது. எதிர்ப்பதென்றால் இப்போதே எதிர்க்க வேண்டும். ஆனால் ஒன்று: மேல்முறையீடு தாக்கல் செய்வதாலேயே தடை நிற்காது. தடையை நிறுத்திவைக்கத் தனி மனு போட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை தடையை மீறிக் குழாய் பதித்தால் 39-ஆம் கட்டளை 2ஏ விதியின்கீழ் சொத்து ஜப்தியும் 3 மாதம்வரை சிவில் சிறையும் வரக்கூடும். தயவுசெய்து அந்த வாய்க்காலில் மண்வெட்டி வைக்காதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சிரஸ்தார்

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நீதிமன்ற அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நாள் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். நல்ல வழக்குகள் இங்கேதான் கெடுகின்றன.

மாவட்ட நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. தாக்கல் செய்ய உத்தரவு தேதியிலிருந்து 30 நாள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிய வகையாக இருந்தால் 90 நாள். உங்களுடையது முன்சிஃப் நீதிமன்ற உத்தரவு என்பதால் 30 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகல் பெற ஆகும் காலத்தை வரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துக்கொடுக்கிறது. ஆனால் அந்தக் கழிவு நீங்கள் நகல் மனு போட்ட தேதியிலிருந்துதான் தொடங்கும். உத்தரவு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் யோசித்தால் அந்த இரண்டு வாரம் உங்கள் கணக்கில்தான் போகும். நகல் கைக்கு வந்ததும் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மனு கொடுத்த தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, முத்திரைத்தாள் கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, நகல் வாங்கிய தேதி என்று வரிசையாக எழுதி முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நீங்கள் கொண்டுவந்து கொடுக்கத் தாமதித்த நாட்களையும், நகல் தயாரான பிறகு வாங்கப் போகாமல் விட்ட நாட்களையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஆகையால் குமாஸ்தாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தடையை நிறுத்துங்கள் என்று அவசரம் பேசப் போகிறவர், தானே தாமதமாக வந்தேன் என்ற மனுவோடு போய் நிற்பது நன்றாக இருக்காது.

மற்றொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. மேல்முறையீட்டில் கீழ் நீதிமன்றத்தின் கட்டுகளை (வழக்குக் கோப்புகளை) வரவழைத்துவிட்டால், வழக்கின் அசல் கட்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே முன்சிஃப் ஒவ்வொரு வாய்தாவிலும் ‘கட்டு வரவில்லை’ என்று எழுதித் தள்ளிவைப்பார். உங்களுக்குத் தீர்ப்பு சீக்கிரம் வேண்டும் என்றால், வேண்டிய ஆவணங்களின் நகல்களையெல்லாம் நீங்களே சேர்த்துத் தாக்கல் செய்து, அசல் கட்டை அழைக்க வேண்டியதில்லை என்று உங்கள் வக்கீல் மூலம் முதல் நாளே சொல்லுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தடையை எதிர்த்துப் போன வேகத்தில் வழக்கைத் தாங்களே நிறுத்திக்கொண்ட ஏழை விவசாயிகளை அந்த மேசையிலிருந்து பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

பதில்: ஆனைமலை வக்கீல்

பாலக்காட்டு நண்பர் சொன்ன எல்லாவற்றோடும் நான் உடன்படுகிறேன், ஓரிடம் தவிர. ஆணையர் மனு தள்ளப்பட்டதற்குத் தீர்ப்புவரை காத்திருக்கலாம் என்று படிக்கிறவர் புரிந்துகொள்வார். இந்தச் சகோதரருடைய வழக்கில் அப்படிக் காத்திருப்பது ஆபத்து. 105-ஆம் பிரிவு பிழையைப் பாதுகாத்து வைக்குமே தவிர, பூமிக்கடியில் இருக்கும் சாட்சியத்தைப் பாதுகாத்து வைக்காது. நாளை அந்தத் துண்டுகள் இல்லாமல் போனால், இறுதி மேல்முறையீட்டில் வென்று ஆணையரை அனுப்பினாலும் அவர் வெறும் மண்ணைத்தான் பார்த்து எழுதுவார்.

இத்தகைய நிலைக்குத்தான், கீழ் நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அரசியலமைப்பின் 227-ஆவது உறுப்பு இருக்கிறது. எங்கள் பக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதை சி.ஆர்.பி. (பி.டி.) என்று எண்ணிடுவார்கள், எர்ணாகுளத்தில் ஓ.பி. (சி) என்று எண்ணிடுகிறார்கள். பெயர் வேறு, அதிகாரம் ஒன்றுதான். 115-ஆம் பிரிவைச் சுருக்கிய திருத்தம் உயர் நீதிமன்றத்தின் இந்த மேற்பார்வை அதிகாரத்தைக் குறைக்கவில்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிவில் நீதிமன்றத்தின் நீதிமுறை உத்தரவுகளுக்கு எதிராக 226-ஆவது உறுப்பின்கீழ் ரிட் மனு போட முடியாது, 227-தான் வழி என்று 2015-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்திச் சொன்னது.

அதே சமயம், மாமா சொல்வதுபோலத் தடையுத்தரவுக்கும் நேராக எர்ணாகுளம் போவது தவறு. விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபைக்கும் தூத்துக்குடி கல்விச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே மேல்முறையீடு தரப்பட்டிருக்கும்போது 227-ஐ நாடுவதற்கு ஏறத்தாழ முழுத் தடை உண்டு என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மேல்முறையீடு உள்ள உத்தரவுக்கு மாவட்ட நீதிமன்றம், இல்லாத உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் என்று இரண்டு உத்தரவுகளும் இரண்டு வாசலுக்குப் போகின்றன.

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

ஆனைமலை நண்பரின் திருத்தம் நியாயமானது. குழாய்த் துண்டுகள் அழியக்கூடியவை என்பதற்கு நான் போதிய எடை கொடுத்து எழுதவில்லை என்று படிப்பவர் கருதக்கூடும். ஆயினும் 227-க்கு முன்பு பார்க்க வேண்டிய, செலவு குறைந்த வழிகள் உண்டு என்பது என் உறுதியான கருத்து. மேற்பார்வை அதிகாரம் என்பது, வேறொரு முடிவும் சாத்தியம் என்பதற்காகப் பயன்படுத்தப்படுவதில்லை. கீழ் நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டினாலோ, எந்த நியாயமான மனிதரும் எட்ட முடியாத முடிவை எட்டினாலோதான் பயன்படும். ‘விசாரணையின்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற உத்தரவு அந்த அளவுக்குப் போகிறதா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

முதல் வழி, 39-ஆம் கட்டளையின் 7-ஆம் விதி. வழக்குக்கு உட்பட்ட பொருளை அப்படியே காத்து வைக்கவும், பார்வையிடவும் உத்தரவிட அது அதிகாரம் தருகிறது. ஆணையர் மனுவில் நீங்கள் உரிமையை நிரூபிக்கும் நோக்கத்தைச் சொன்னீர்கள். இந்த மனுவில் அழிந்துபோகும் என்ற அச்சத்தைச் சொல்லுங்கள். வரப்பில் புதிதாக யாராவது கிளறியிருந்தால் அதன் புகைப்படத்தைத் தேதியோடு சேர்த்துப் பிரமாணப் பத்திரம் போடுங்கள். இடைக்கால உத்தரவுகள் சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்பதை உச்ச நீதிமன்றம் 1964 முதலே ஏற்றிருக்கிறது. மேலும் உங்கள் மனு ‘இப்போது வேண்டாம்’ என்றுதான் தள்ளப்பட்டிருக்கிறது; ‘எப்போதும் வேண்டாம்’ என்று தள்ளப்படவில்லை. புதிய உண்மையோடு மீண்டும் கேட்க அது கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, சி.எம்.ஏ.யிலேயே ஆணையரைக் கேட்பது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மூல நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் 107-ஆம் பிரிவால் கிடைக்கின்றன. உத்தரவுகளுக்கு எதிரான மேல்முறையீடுகளுக்கும் 108-ஆம் பிரிவு அதைப் பொருத்துகிறது. தருவதும் மறுப்பதும் அந்த நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் தடை சரியா என்பதைத் தீர்மானிக்கவே பழைய குழாய் இருந்ததா என்று தெரிந்தாக வேண்டும் என்று கேட்பது வலுவான வாதம்.

சி.எம்.ஏ.வை எழுதும் முறை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாண்டர் நிறுவனத்துக்கும் ஆன்டாக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் வகுத்த எல்லையை எல்லா மாவட்ட நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. தடை தருவது கீழ் நீதிமன்றத்தின் விருப்புரிமை. அது மனம்போன போக்கிலோ, சட்டக் கோட்பாட்டைப் புறக்கணித்தோ பயன்படுத்தப்பட்டிருந்தால் மட்டுமே மேல்நீதிமன்றம் தலையிடும். தானாக இருந்தால் வேறு விதமாக முடிவெடுத்திருப்பேன் என்பது போதாது. ஆகவே மனுவில் பக்கம் பக்கமாகக் குடும்பக் கதையை எழுத வேண்டாம். உத்தரவை எடுத்துவைத்து, பாகப்பிரிவினை ஆதாரத்தில் மேற்கு வரப்பை ஒட்டிய வழியைப் பற்றி வரும் வாசகத்தை முன்சிஃப் எங்காவது குறிப்பிட்டிருக்கிறாரா என்று வரிவரியாகத் தேடுங்கள். குறிப்பிட்டு, விளக்கி, நிராகரித்திருந்தால் உங்கள் பாதை கடினம். அந்த வாசகத்தைத் தொடாமலேயே முதல்நோக்கில் வாதிக்கு வழக்கு இருப்பதாக எழுதியிருந்தால், உங்கள் மேல்முறையீட்டின் உயிர் அந்த ஒரு குறையில் இருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சி.எம்.ஏ.யில் வரும் முடிவுக்கு எதிராக இரண்டாம் மேல்முறையீடு கிடையாது என்று 104-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு சொல்கிறது. கிடைக்கும் ஒரே வாய்ப்பை அரைகுறையாகத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள்.

இடையில் ஒரு கேள்வி: நகரி வாசகர்

ஆந்திரத்தின் நகரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஜூனியர் சிவில் ஜட்ஜ் நீதிமன்ற வழக்கில் ஒருதரப்புத் தடை வந்தது. நாங்கள் எதிருரை போட்டும் விசாரணை நடக்காமல் வாய்தாவுக்கு வாய்தா தடை மட்டும் நீட்டிக்கப்படுகிறது. உறுதி செய்யப்பட்ட உத்தரவு வந்தால்தான் மேல்முறையீடு என்கிறார்கள். அப்படியானால் உத்தரவே வராதவர் என்ன செய்வது?

பதில்: ஆனைமலை வக்கீல்

ஐயா, அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலம் எதுவானாலும் இந்தச் சட்டம் ஒன்றுதான். ஒருதரப்புத் தடை தந்த நீதிமன்றம் அந்த மனுவை 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்று 39-ஆம் கட்டளையின் 3ஏ விதி சொல்கிறது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஒருதரப்புத் தடையும் 1-ஆம் விதியின்கீழ் வந்த உத்தரவுதான், ஆகவே அதை நீக்கக் கோரி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம் அல்லது நேராக மேல்முறையீடு செய்யலாம் என்றும், 30 நாளில் மனு முடிக்கப்படாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதோடு 3-ஆம் விதியையும் பாருங்கள். அறிவிப்பு இல்லாமல் ஏன் தடை தருகிறோம் என்ற காரணத்தை நீதிமன்றம் எழுதியிருக்க வேண்டும். வாதி உங்களுக்குப் பிராது, பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகல்களைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பிவிட்டு, அன்றோ மறுநாளோ அனுப்பியதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். கட்டில் அந்தப் பிரமாணப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: பீர்மேடு அக்கா

கேட்டவர் தம்பி வயதுடையவராக இருப்பார் என்று நினைக்கிறேன். சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் எங்கள் வீட்டுப் பாக வழக்கில் நாங்கள் பட்டதை ஓர் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். நடுவில் வரும் உத்தரவுகளைக் கடைசியில் சேர்த்துக் கேட்கலாம் என்று இங்கே படிப்பவர்கள், பாகப்பிரிவினை வழக்கில் வரும் முதனிலைத் தீர்ப்பாணைக்கும் அதையே பொருத்திவிடக் கூடாது. யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் தீர்ந்துவிடும். நிலத்தை அளந்து பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணை வரட்டும், அப்போது பார்ப்போம் என்று என் சித்தப்பா பொறுத்திருந்தார். அளந்து முடிந்தபோது, பங்கைப் பற்றிப் பேசும் காலம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பங்குக் குறைவை யாரும் பரிசீலிக்கவே இல்லை.

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

அக்கா மிக முக்கியமான விதிவிலக்கைச் சொல்லிவிட்டார். 97-ஆம் பிரிவின்படி, முதனிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாதவர், இறுதித் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் அதன் சரித்தன்மையைக் கேள்வி கேட்க முடியாது. பெயரில் ‘முதனிலை’ என்று இருந்தாலும் அது இடைக்கால உத்தரவு அல்ல, தீர்ப்பாணை. இதேபோல், மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவு மேல்முறையீட்டுக்கு உரியதாக இருந்தும் அதை எதிர்க்காமல் விட்டவர், பிறகு அதன் சரித்தன்மையைப் பேச முடியாது என்று 105-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு தனியாகவே சொல்கிறது. பொறுத்திருப்பது உரிமையைக் கெடுக்காது என்ற பொதுவிதி நின்றுபோகும் இடங்கள் இவை.

மீண்டும்: எல்லைத்தோப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நகல் மனு உத்தரவு வந்த அன்றே போட்டிருக்கிறோம் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னார், நிம்மதியாக இருக்கிறது. உத்தரவை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் இருக்கின்றன. வழியைப் பற்றிய வாசகம் எங்கும் வரவில்லை. இன்னும் ஒரே ஓர் ஐயம். சி.எம்.ஏ. நிலுவையில் இருக்கும்போது வழக்கின் சாட்சி விசாரணையையும் நிறுத்திவைக்கக் கேட்பது நல்லதா? பெரியப்பா மகன் தரப்பு, நான் மேலே போனால் வழக்கு வருடக்கணக்கில் தூங்கும் என்று ஊரில் பேசிக்கொண்டிருக்கிறது. அதோடு, இந்த வேனிலுக்குள் தண்ணீர் பாய்ச்ச வேறு வழி ஏதாவது உண்டா?

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

சாட்சி விசாரணையை நிறுத்தக் கேட்காதீர்கள். தடை யாருக்குச் சாதகமோ அவருக்குத்தான் வழக்கு தூங்குவதில் லாபம், உங்களுக்கு நட்டம். நீங்கள் நிறுத்திவைக்கக் கேட்க வேண்டியது தடையுத்தரவை மட்டும். நிறுத்திவைப்பு உத்தரவு 6 மாதத்தில் தானாகவே முடிந்துவிடும் என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படிக் கூறியிருந்தது உண்மை. ஆனால் 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தானாக முடிவது என்பது இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. யார் வாங்கிய நிறுத்திவைப்பானாலும் அது நீக்கப்படும்வரையோ அதன் காலம் முடியும்வரையோ நிற்கும்.

வேனில் பற்றி: 39-ஆம் கட்டளையின் 4-ஆம் விதியில், இருதரப்பையும் கேட்டபின் தந்த தடையைக்கூட, சூழ்நிலை மாறியிருந்தாலோ அதனால் தேவையற்ற கடுமையான துன்பம் நேர்ந்தாலோ அதே நீதிமன்றம் மாற்றியமைக்கலாம். முழுத் தடையையும் நீக்குங்கள் என்று அங்கே கேட்காமல், உரிமை பற்றிய முடிவைப் பாதிக்காத வகையில், வழக்கு முடியும்வரை தரைக்குமேல் எடுத்துவிடக்கூடிய ஹோஸ் மூலம் பொதுக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேளுங்கள். கிருஷி பவனிலிருந்து பயிரின் நிலை குறித்து ஏதாவது எழுத்துபூர்வமாகக் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி போவதையும் குழாய் பதிப்பதையும் இந்த மனுவில் இழுக்க வேண்டாம், அவை சி.எம்.ஏ.வுக்கு உரியவை. 4-ஆம் விதியின்கீழ் வரும் உத்தரவும் 43-ஆம் கட்டளையின் பட்டியலில் இருப்பதால், இந்த மனு தள்ளப்பட்டாலும் அதற்கு மேல்முறையீடு உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால், ஒன்றைப் பற்றி மற்றதில் மறைக்காமல் சொல்லிவிடும்படி உங்கள் வக்கீலிடம் கூறுங்கள். முதல் வேலையாக, திங்கட்கிழமை குமாஸ்தாவிடம் முத்திரைத்தாள் கேட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.